மூச்சுப் பரிசோதனைக்குப் போய் வெறும் வயிற்றோடு திரும்பி வந்த கதை

முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குக் காலை ஏழரைக்கே போய் உட்கார்ந்தேன். என் எண் வந்தது. தாதி கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா ஒமெப்ரசோல் எப்போ சாப்பிட்டீங்க?" என்பதுதான். வயிற்று அமிலத்தைக் குறைக்க நான் சாப்பிட்டு வந்த மருந்து அது.

"நேத்துக் காலையில."

அவர் கையிலிருந்த, ஊதுவதற்கான பையைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டார். "ரெண்டு வாரம் நிறுத்தியிருக்கணுமே. இன்னைக்குச் செஞ்சா பிரயோஜனம் இல்லை." அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து.

எனக்கு ஆத்திரம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தேதி கொடுத்த கவுன்டரில் நான் வாய்விட்டே கேட்டேன், மாத்திரை எல்லாம் சாப்பிடலாமா என்று. "வழக்கம்போல சாப்பிடுங்க, அன்னைக்கு மட்டும் வெறும் வயிறு" என்று கணினித் திரையைப் பார்த்தபடியே பதில் வந்தது. கையில் கொடுத்த தாளிலும் மருந்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

நெஞ்செரிச்சலுக்கு புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்கில் நான்கு வாரத்துக்கு என்று தொடங்கிய 20 மில்லிகிராம் கேப்சூல் அது. தீர்ந்தபோதெல்லாம் போய் வாங்கி வாங்கி எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். பாலிகிளினிக் டாக்டர்தான், "இவ்வளவு நாளா? வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்" என்று எழுதிக் கொடுத்தார்.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்கிற அந்தக் கிருமி யூரியாவை உடைக்கும். அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, பிறகு பைக்குள் ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அந்த அடையாளம் மூச்சில் வந்துவிடும். ஒமெப்ரசோல் வகை மருந்து கிருமியை அடக்கி வைப்பதால், இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். தாதி மட்டும் கேட்காமல் ஊத வைத்திருந்தால் "கிருமி இல்லை" என்ற தாளோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்னும் பதறுகிறது.

இரண்டாம் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மருந்தை நிறுத்தினேன். மூன்றாம் நாள் இரவு தொண்டை வரை தீ. எட்டு மாதத்துக்கு முன்புகூட அப்படி எரிந்ததில்லை. நோய் முற்றிவிட்டது என்றே நினைத்து, கேப்சூல் பட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். விடியும்வரை பொறுத்து மருந்தகத்துக்குப் போன் செய்தேன். நம் தமிழ்ப் பெண் ஒருவர் பேசினார். "அக்கா, இவ்வளவு நாள் அமிலத்தை அடக்கி வச்சிருந்தோம்ல, மருந்து நின்னதும் வயிறு கூடுதலாச் சுரக்கும். கொஞ்ச நாள்ல அடங்கிடும். திரும்ப எடுத்துடாதீங்க." எரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிக்கலாம், பரிசோதனை அன்று அதுவும் கூடாது என்றார். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றினேன், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தேன். என்னைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வயிற்றில் புண் வராமலிருக்கவே இதைச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, எடை தானாகக் குறைந்தாலோ எந்தத் தேதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது முறை பரிசோதனை அரை மணி நேரத்தில் முடிந்தது. கிருமி இருந்தது.

பதினான்கு நாள் மருந்து: ஒமெப்ரசோல் காலையும் இரவும், கூடவே அமோக்சிசிலின், கிளாரித்ரோமைசின் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக். மருந்து வாங்கும் இடத்தில், "கொலஸ்ட்ராலுக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள். சிம்வாஸ்டாட்டின் என்றேன். கிளாரித்ரோமைசினோடு அது சேர்ந்தால் தசையைப் பாதிக்கும் என்று சொல்லி, டாக்டருக்கு உடனே போன் போட்டு, அந்தப் பதினான்கு நாளும் நிறுத்தச் சொன்னார்கள். கவுன்டரில் கிடைக்காத அக்கறை அங்கே கிடைத்தது. அன்று முதல் எங்கே போனாலும் நான் சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரையும் எழுதிய தாள் என் பையில் இருக்கிறது.

அந்த அக்கறை தந்த தைரியத்தில் மருந்தாளரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் புளிச்ச ஏப்பம் வந்தபோது என் கேப்சூலை இரண்டு மூன்று தடவை கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோகிரல் சாப்பிடுகிறார். ஒமெப்ரசோல் அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும் என்று மருந்தாளர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. வீட்டில் யாருக்கும் உங்கள் பட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. எட்டு மாதமும் நான் தேத்தண்ணீரும் ரொட்டியும் முடித்தபிறகு கேப்சூலைப் போட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், தண்ணீரோடு, மெல்லாமல் முழுசாக விழுங்க வேண்டுமாம்.

பதினான்கு நாளும் வாயெல்லாம் கசப்பு, ரசம்கூட இரும்பு மாதிரி இருந்தது. ஒரு வேளையும் விடவில்லை. ஆன்டிபயாட்டிக் முடிந்து நான்கு வாரம் தாண்டி மறுபடி ஊதினேன். இந்தத் தடவை தேதி கொடுத்தபோதே, "ஒமெப்ரசோல் எந்தத் தேதியில் நிறுத்தணும், தாளில் எழுதிக் கொடுங்க" என்று கேட்டு, எழுதும்வரை கவுன்டரை விட்டு நகரவில்லை. போன வியாழக்கிழமை முடிவு வந்தது. கிருமி போய்விட்டது.