மக்களவையின் நிமிடக் கணக்கு

2018ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் மக்களவையில் நடந்த நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தைக் காலை முதல் இரவு வரை தொலைக்காட்சியில் பார்த்தேன். விவாதத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஏழு மணி நேரம். அதில் பாரதிய ஜனதாவுக்கு 3 மணி 33 நிமிடம், காங்கிரசுக்கு 38 நிமிடம், அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு 29 நிமிடம் என்று பிரித்திருந்தார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்ததே தெலுங்கு தேசம் கட்சிதான். அதற்குக் கிடைத்தவை 13 நிமிடங்கள். குற்றம் சாட்டுபவருக்கு 13 நிமிடம், பதில் சொல்பவருக்கு மூன்றரை மணி நேரமா என்று அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஒரு தாளை எடுத்து வகுத்துப் பார்த்தபோது அந்தக் கோபம் சற்றே இடம் மாறியது. 29 நிமிடத்தை அ.தி.மு.க.வின் 37 உறுப்பினர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 47 வினாடி. 13 நிமிடத்தை, 2014இல் தெலுங்கு தேசம் வென்ற 16 இடங்களுக்குப் பங்கிட்டால் 49 வினாடி. ஏழு மணி நேரத்தை மொத்தமுள்ள 543 தொகுதிகளுக்கும் பங்கிட்டால் 46 வினாடி.

அதாவது, நேரப் பங்கீட்டில் எவருக்கும் சலுகையும் இல்லை, வஞ்சகமும் இல்லை. மக்கள் எத்தனை உறுப்பினர்களை அனுப்பினார்களோ, அந்த விகிதத்தில் நிமிடங்கள் பிரிக்கப்பட்டன. சிறிய கட்சிகளை இந்த முறை நசுக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒற்றை உறுப்பினர் மட்டுமே உள்ள கட்சியின் தலைவர் எழுந்து பேசத் தொடங்கி, வணக்கம் சொல்லி முடித்து, பொருளுக்கு வரும்போதே அவைத்தலைவர் மணியை அடித்துவிடுகிறார். இருந்தாலும் விகிதம் என்ற அளவுகோலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவைத்தலைவர் மனம் வைத்தால் அந்த அளவு நீளவும் செய்யும்; அன்றும் விவாதம் ஏழு மணி நேரத்தைத் தாண்டி இரவு வரை நீண்டு, பிறகுதான் வாக்கெடுப்பு நடந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 126 வாக்குகளும் எதிராக 325 வாக்குகளும் விழுந்தன.

நான் கவலைப்படுவது நிமிடங்களைப் பற்றி அல்ல, நாள்களைப் பற்றி. எந்தப் பொருள், எந்த நாளில், எந்த வரிசையில் அவைக்கு வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே நேரம் பற்றிய கேள்விகளுள் முதன்மையானது.

மக்களவையில் அலுவல் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. அவைத்தலைவரையும் சேர்த்து 15 பேர் கொண்ட இக்குழுவில் முக்கியக் கட்சிகளின் பிரதிநிதிகள் அமர்ந்து, இந்த மசோதாவுக்கு நான்கு மணி நேரம், அமைச்சகம் ஒன்று தன் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் அந்த மானியக் கோரிக்கைக்கு ஆறு மணி நேரம் என்று பேசி முடிவு செய்கிறார்கள். ஆனால் எந்த மசோதா அவைக்கு வரவேண்டும் என்பதை அக்குழு தானாகத் தீர்மானிப்பதில்லை. அரசு எடுத்துவரும் அலுவல்களுக்கே அது நேரம் ஒதுக்குகிறது. கூட்டத்தொடரைக் கூட்டும் நாளையும் முடிக்கும் நாளையும் அமைச்சரவையின் பரிந்துரைதான் முடிவு செய்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 85ஆவது பிரிவு கேட்பதெல்லாம், இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது மட்டுமே. ஆண்டுக்கு இத்தனை நாள் கூட வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. அதன் விளைவைக் கணக்கில் காணலாம்: முதலாவது மக்களவை 677 நாள்கள் கூடியது, 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை 274 நாள்கள்தான் கூடியது. நாள்களே சுருங்கிவிட்ட பிறகு நிமிடங்களை எவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டாலும் என்ன கிடைக்கும்?

பிரிட்டனின் மக்கள் சபையில் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 20 நாள்கள் எதிர்க்கட்சிகளுக்கென்று நிலையாணையிலேயே ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த நாள்களில் எதைப் பேசுவது என்பதை எதிர்க்கட்சிகளே முடிவு செய்கின்றன. அந்த நாட்டிடமிருந்து எத்தனையோ அவை மரபுகளை எடுத்துக்கொண்ட நாம், இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நம் எதிர்க்கட்சிகள் ஒரு பொருளை விவாதிக்க விரும்பினால் அறிவிப்புக் கொடுக்கலாம், காத்திருக்கலாம், மறுக்கப்பட்டால் அவையின் மையப்பகுதிக்கு ஓடிவந்து முழக்கமிடலாம். அமளியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் முறையாகப் பேசுவதற்கென்று உறுதியான ஒரு நாள் இருந்திருந்தால், அந்த அமளிகளில் பாதியாவது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கடிகாரமே சர்ச்சையின் மையமாகிவிட்ட ஒரு நாளும் உண்டு. 2020 செப்டம்பரில், கொரோனா காரணமாக மாநிலங்களவை காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரையிலும், மக்களவை பிற்பகலிலும் கூடின. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் முழுவதுமாக நீக்கப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம் அரை மணியாகக் குறைக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் விவாதத்தில் இருந்தன. மணி ஒன்றை நெருங்கியபோது, அமைச்சரின் பதிலுரையும் வாக்கெடுப்பும் மீதமிருந்தன. அவையின் நேரத்தை நீட்டித்து அன்றே முடித்துவிடலாம் என்றது அரசுத் தரப்பு. அவையின் பொதுக் கருத்தைக் கேட்டுத்தான் நேரத்தை நீட்டிக்க வேண்டும், நாளைக்குத் தொடரலாம் என்றன எதிர்க்கட்சிகள். துணைத்தலைவர் ஹரிவன்ஷ் அவையைத் தொடர்ந்து நடத்தினார். மசோதாக்களை விரிவாக ஆராய உறுப்பினர்கள் கொண்ட தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தி.மு.க.வின் திருச்சி சிவா உள்ளிட்டோர் கொண்டுவந்த திருத்தங்கள் குரல் வாக்கெடுப்பில் தள்ளப்பட்டன. அவைத்தலைமை அறிவித்த முடிவை ஓர் உறுப்பினர் ஏற்காமல் கேட்டால், டிவிஷன் எனப்படும் எண்ணிக்கை வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது விதி. கேட்டோம் என்றார்கள் எதிர்க்கட்சியினர். தத்தம் இருக்கையிலிருந்து கேட்கவில்லை என்றது அவைத்தலைமை. பெரும் கூச்சலுக்கிடையே மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த நாள் காலை 9 மணிக்கு அதே வாக்கெடுப்பை எண்ணிக்கையோடு நடத்தியிருந்தால் முடிவு மாறியிருக்குமோ இல்லையோ, யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது ஏட்டில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவு நமக்குக் கிடைக்காமலே போனது. ஓராண்டுக்கும் மேல் விவசாயிகள் தில்லி எல்லையில் போராடிய பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. கொண்டுவந்தபோதும் அவசரம், திரும்பப் பெற்றபோதும் அவசரம்.

நிதிநிலை அறிக்கையின் கதையும் இப்படித்தான். மானியக் கோரிக்கைகளை விவாதிக்க ஒதுக்கப்பட்ட கடைசி நாளில், குறித்த மணி வந்ததும், விவாதிக்கப்படாத எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் அவைத்தலைவர் ஒன்றாகச் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடுவார். தலையை வெட்டும் இயந்திரத்தின் பெயரால் இதைக் கில்லட்டின் என்கிறார்கள். நேரம் போதாதபோது இப்படியொரு கருவி தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018இலும் 2023இலும் எந்த ஒரு அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதிக்கப்படாமல், அத்தனையும் கில்லட்டினுக்கே போயின. 2023 மார்ச் 23 அன்று மக்களவை விவாதமின்றி ஒப்புதல் அளித்த செலவு ஏறக்குறைய 45 லட்சம் கோடி ரூபாய். அவையை நடக்கவிடாமல் செய்ததில் இரு தரப்புக்கும் பங்கு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கேட்டு நாங்கள் சிலர் தொகுதி உறுப்பினரைப் பார்த்தோம். அவர் அக்கறையோடு கேட்டுக்கொண்டு, உறுப்பினர்கள் இத்தகைய பிரச்சினைகளை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உதவும் 377ஆவது விதியின் கீழ் எழுப்புவதாகச் சொன்னார். அந்த விதியின்படி வாசகம் 250 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் கேட்டருகே காத்து நிற்பதையும், ஆம்புலன்ஸ் ஒன்று இருபது நிமிடம் நின்றதையும் அந்த 250 சொற்களுக்குள் அடக்க நாங்கள் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. அவர் பெயர் பட்டியலில் வந்த நாளில், அவை அமளியால் ஒத்திவைக்கப்பட்டது. வாசகம் அவையில் வைக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. யாரும் அதைப் படிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை; அச்சில் மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பிற்பகலை நான் விடாமல் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அன்று கடைசி இரண்டரை மணி நேரம் அமைச்சர் அல்லாத உறுப்பினர்களுக்கு உரியது; அரசின் விருப்பத்தைக் கேட்காமல் ஓர் உறுப்பினர் தாமே ஒரு சட்டத்தை முன்மொழிய வாரத்தில் வாய்க்கும் ஒரே பொழுது அது. பெரும்பாலான உறுப்பினர்கள் அதற்குள் ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். கூட்டத்தொடர் முன்கூட்டியே முடிக்கப்படும்போது முதலில் பலியாவதும் பெரும்பாலும் இந்தப் பொழுதுதான். இப்படி அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களில், விடுதலைக்குப் பிறகு இதுவரை 14 மட்டுமே சட்டமாகியுள்ளன. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல்.

2015 ஏப்ரல் 24ஆம் தேதியும் வெள்ளிக்கிழமைதான். மாநிலங்களவையில் திருச்சி சிவா, திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்கான தம் தனிநபர் மசோதாவை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்றார். திரும்பப் பெறுமாறு அமைச்சர் கேட்டுக்கொண்டார், அவர் இணங்கவில்லை. அவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அவையைத் தாண்டிய தனிநபர் மசோதா அது. பிறகு அது மக்களவைக்குப் போனது. அங்கே அதை நிறைவேற்றும் வெள்ளிக்கிழமை வரவே இல்லை. 2019இல் அரசு தன்னுடைய மசோதாவைக் கொண்டுவந்து, அதைச் சட்டமாக்கியது.