பாலத்துல கேட்ட ஹாரன்

நேத்து காலையில மண்டபத்துலேருந்து தங்கச்சிமடத்துக்கு சைக்கிள்ல போனேன். பாம்பன் ரோட்டுப் பாலம் மட்டுமே ரெண்டு கிலோமீட்டருக்கு மேல. மேடு ஏறும்போது சோழகக் காத்து பக்கவாட்டுல அடிச்சா, சைக்கிள் தானா ஒரு முழம் விலகும். அது நம்ம கையில இல்ல.

பின்னாடியே ஒரு கார் ஹாரனை அமுக்கிக்கிட்டே ஒட்டி வந்துச்சு. தாண்டுறப்போ கண்ணாடிய இறக்கி, "ரோட்டு வரி கட்டுறது நாங்கய்யா, ஓரமா போ"ன்னு ஒரு சத்தம். ஓரம்னா அங்க கைப்பிடிச் சுவர்தான், அதுக்கப்புறம் கடல்!

கொஞ்ச தூரத்துல அதே கார் நடுப்பாலத்துல நின்னு, ரயில் பாலத்தப் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு தடவை பெல் அடிச்சுட்டுத் தாண்டினேன்.

ஒரு காலத்துல சைக்கிளுக்கும் லைசென்ஸ் வில்லை இருந்துச்சாம், அப்பா சொல்வாரு. இப்ப லைசென்ஸும் வேண்டாம், ஆர்.சி.யும் வேண்டாம். அதுக்காக ரோடு எங்களுக்கு இல்லன்னு ஆயிடுமா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அக்கா மகன், "மாமா, உங்க பைக் சாவியக் குடுங்க." வயசு 16. அந்த வயசுக்கு 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். பைக்குக்கு 18 ஆகணும். மாட்டினா வண்டிக்காரனுக்கோ பெத்தவங்களுக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில். பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸே கிடையாது.

அக்கா பேசாம சாவிய வாங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டா. இன்னைக்குக் காலையில நானே தேடி எடுக்க வேண்டியதாப் போச்சு.