பயத்துல ஏறியிருக்கும்மா

குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. இன்று காலை பிரஷர் 118/76, அதுவும் ஒரு மாத்திரையும் போடாமல். கர்ப்பத்தில் எனக்கு ஏறிய பிரஷரைப் பற்றி, இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். முன்னாலேயே எழுத உட்கார்ந்திருந்தால் முழுக்கத் திட்டாகவே போயிருக்கும். இப்போதும் கொஞ்சம் திட்டு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

33ஆவது வாரச் செக்கப்பில் ஆரம்பித்தது. மாடி ஏறி, வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, பாத்ரூம் கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே சிஸ்டர் கையில் பட்டையைச் சுற்றினார். 150/98. "பயத்துல ஏறியிருக்கும்மா" என்றார். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, பசிதான். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, பத்து நிமிஷம் கழிச்சுப் பாப்போம்." படுத்தேன். மேல்பக்கம் இருந்த வலது கையில் மறுபடி பார்த்தார். 126/80. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று சிரித்துக்கொண்டே கார்டில் அந்த இரண்டாவது எண்ணை மட்டும் எழுதினார். டாக்டர் பார்த்ததும் அதைத்தான். துடிப்பு சரி, வளர்ச்சி சரி, போய் வாருங்கள். அந்த 150 எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

இதில் இருக்கும் கோளாறு எனக்குப் பிறகுதான் புரிந்தது. பட்டை சுற்றிய இடம் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். இடது பக்கம் படுத்துக்கொண்டு மேலே இருக்கும் வலது கையில் அளந்தால் பிரஷர் குறைத்துக் காட்டும். கை கீழே தொங்கினால் கூட்டிக் காட்டும். என்னுடைய முதல் அளவிலும் தப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மூச்சு வாங்கியபடி, சிறுநீர்ப்பை முட்ட, காலைத் தொங்கப்போட்டு, பேசிக்கொண்டே அளந்தால் கூடுதலாகத்தான் வரும். அதற்கு மருந்து, ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து முறையாக மறுபடி அளப்பது. எண் இறங்கும்வரை ஆளைப் புரட்டிப் போடுவது இல்லை. உங்களுக்கும் யாராவது இப்படி இரண்டாவது முறை பார்த்தால், "முதல்ல வந்ததையும் எழுதிக்கோங்க" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து மோதிரம் கழற்ற வரவில்லை. காலையில் எழுந்தால் கண் இரண்டும் பொங்கியிருந்தது.

கால் வீங்கினால் கர்ப்பத்தில் சகஜம், எனக்கும் ஐந்தாம் மாதத்திலிருந்தே உண்டு. திடீரென்று முகமும் கையும் உப்பினால் உடனே பிரஷரைப் பார்க்க வேண்டும். வீட்டில் மெஷின் வாங்கினோம். காலை 152/98, மாலை 156/100. அந்த எண்களை எடுத்துக்கொண்டு ஓடினால், "வீட்டு மெஷினையெல்லாம் நம்பாதீங்க" என்று பதில். எரிச்சல் வந்தது. ஆனால் பாதி உண்மை அதில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெஷினோடு வந்த பட்டையில் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. என்று போட்டிருந்தது. டேப் வைத்து என் மேல்கையை அளந்தேன், 35. கைக்குச் சின்னதான பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டை தனியாக வாங்கிப் போட்டதும் 156 என்று வந்தது 146 ஆனது. அதுவும் 140/90க்கு மேல்தான், ஆனால் இப்போது நம்பக்கூடிய 146. அடுத்த முறை மெஷினையே கூடவே கொண்டுபோய், அவர்கள் மெஷினில் ஒரு தடவை, என்னுடையதில் ஒரு தடவை என்று டாக்டர் முன்னாலேயே அளக்கச் சொன்னேன். இரண்டும் நாலு புள்ளி வித்தியாசத்துக்குள் வந்தன. அதற்கப்புறம் மெஷினைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்த முழுக் கதையிலும் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

அன்றைக்கு இருந்த டாக்டர் வேறு ஒருவர், நிதானமாகப் பேசுபவர். 20 வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தாண்டி, குறைந்தது நாலு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வந்தாலே அது கர்ப்பகால பிரஷர்தான், பயத்தின் மேல் பழிபோட முடியாது என்றார். யூரினில் புரோட்டீனும் போனால், அல்லது ரத்தத்தில் பிளேட்லெட், கல்லீரல், சிறுநீரக அளவுகள் கெட்டால் அதன் பெயர் பிரீஎக்லாம்சியா. பிரஷரை இறக்க லபெட்டலால் 100 மி.கி. காலை, இரவு. மாத்திரை போட்டு இரண்டாம் நாள் தலை முழுக்க எறும்பு ஊர்வது போல இருந்தது. பேன்தான் என்று அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது அந்த மாத்திரையின் வேலை, சிலருக்கு உச்சந்தலை இப்படிக் குறுகுறுக்குமாம். கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உப்பை நிறுத்து, கட்டிலைவிட்டு இறங்காதே என்றார்கள். இரண்டும் தேவையில்லை என்றார் டாக்டர். இந்த பிரஷரின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது, உப்பை அடியோடு விட்டாலும் அது போகாது.

அப்புறம் வந்தது 24 மணி நேர யூரின். இதை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. லேபில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைக் கையில் கொடுத்து, "இருபத்து நாலு மணி நேரம் சேத்துக் கொண்டாங்க" என்றார்கள். அவ்வளவுதான் விளக்கம். காலை ஆறு மணிக்கு எழுந்து முதல் யூரினிலிருந்தே சேர்த்தேன். ஒன்பதாம் மாதத்தை நெருங்கும் வயிற்றோடு, குந்தி, குவளையில் பிடித்து, சிந்தாமல் கேனில் ஊற்றி, பகலும் இரவுமாகப் பதினேழு தடவை. மறுநாள் கேனைத் தூக்கிக்கொண்டு போனால், "முதல் யூரினைக் கீழ விட்டீங்களா?" என்றார் லேப் ஆள். இல்லை என்றேன். "அப்ப இது செல்லாது." என் கண்முன்னாலேயே சிங்க்கில் கவிழ்த்தார்.

முறை இதுதான்: காலையில் எழுந்ததும் முதலில் போவதை வெளியே விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள். மறுநாள் அதே நேரத்தில் போவதும் கேனுக்குள். கேனைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். இரண்டாவது முறை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நேராகக் கழிவறையில் போய்விட்டேன். ஃபிளஷை அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காலையில் டாக்டருக்கு ஃபோன் செய்தால் அவர் சாதாரணமாக, "அப்ப ஒரு தடவை சாம்பிள் கொடுங்க, புரோட்டீன் கிரியேட்டினின் விகிதம் பாத்துடலாம்" என்கிறார். ஒரே ஒரு சின்ன டப்பா! 0.3க்கு மேல் இருந்தால் புரோட்டீன் போகிறது என்று கணக்கு. எனக்கு 0.6. இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா? உங்களிடம் கேனை நீட்டினால், இந்தச் சோதனை போதுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அதன்பின் மாத்திரை அளவு ஏறியது. வாரம் இரண்டு முறை ரத்தம், குழந்தைத் துடிப்பு, ஸ்கேன். ஒன்றும் சொல்வதற்கில்லை. 37 வாரம் முடிந்ததும் வலி வரவழைக்கலாம் என்று தேதி குறித்தார்கள்.

தேதிவரை போகவில்லை. 36 வாரம் நாலு நாள், இரவு. நெற்றிக்குப் பின்னால் தலைவலி, பாரசிட்டமால் போட்டும் அசையவில்லை. வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி, குழந்தை உதைக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெள்ளைச் சுவரைப் பார்த்தபோதுதான் திக்கென்றது. தண்ணீரில் வெயில் பட்டுத் தெறிப்பது போலப் புள்ளிப் புள்ளியாக மினுங்கியது, கண்ணை மூடினாலும் போகவில்லை. 164/112. கால் மணி நேரம் கழித்து 166/110. இந்த மூன்று அறிகுறியில் ஒன்று வந்தாலே, எண் என்னவாக இருந்தாலும், கிளம்பிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 160/110 என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும்.

இரவு பதினொன்றரைக்கு கவுன்ட்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "ஃபைல் எங்க?" அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டோம். "ஃபைல் இல்லாம என்ட்ரி போட முடியாது." என் கணவர் கெஞ்சிப் பார்த்துவிட்டு, ஃபைலை எடுத்துவர ஓடினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைப்பையில் ஒரே ஒரு பொருள் இருந்தது, பிரஷர் எழுதி வைத்த நோட்டு. அந்தப் பக்கம் போன ஒரு சிஸ்டர் என் முகத்தைப் பார்த்து நின்றார். நோட்டை நீட்டினேன். தேதி, நேரம், எந்தக் கை, எண், போட்ட மாத்திரை என்று மூன்று வாரம் வரிசையாக இருந்தது. கடைசி வரியைப் பார்த்ததும் கவுன்ட்டர் பக்கம் திரும்பி, "என்ட்ரி அப்புறம் போட்டுக்கோங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் கையில் ஊசி ஏறியது. ஃபைல் வந்தபோது பிரஷர் 148க்கு இறங்கியிருந்தது. ஃபைலின் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் எங்கள் மேல் இருக்கும் தப்பு அதுதான்.

வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றினார்கள். அந்த மருந்து உள்ளே போகும்போது எரியும் அடுப்புக்குள் தலையை விட்டது மாதிரி உடம்பெல்லாம் தகிக்கும், நாக்கு தடித்துப் பேச்சு குழறும். முன்கூட்டியே தெரிந்தால் பயம் பாதி குறையும், அதனால்தான் சொல்கிறேன். மணிக்கொரு தரம் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள், யூரின் பையை அளப்பார்கள். மருந்து அளவுக்கு மீறிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அது. என் கால் எகிறும்போதெல்லாம் "நல்லது" என்பார் சிஸ்டர். வலி வரவழைத்து மறுநாள் மாலை சுகப்பிரசவம். பெண். 2 கிலோ 150 கிராம். அழுதாள், பால் குடித்தாள்.

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். "குழந்தை பொறந்தாச்சு, இனிமே பிரஷர் தானா போயிடும்" என்று மாத்திரையை நிறுத்தி, மூன்றாம் நாள் 136/86இல் டிஸ்சார்ஜ். வீட்டில் பிரஷர் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. ஐந்தாம் நாள் மறுபடி அதே தலைவலி. தூக்கம் இல்லை, பால் கொடுக்கிறாய், இருக்காதா என்றார்கள் எல்லாரும். பழக்க தோஷத்தில் மெஷினை எடுத்தேன். 168/108.

பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் உச்சத்துக்குப் போவது வழக்கமாம். ஆறு வாரம் வரை வலிப்பு வரும் ஆபத்து உண்டாம். இது எனக்குத் தெரிந்தது மறுபடி படுக்கையில் விழுந்த பிறகு. ஃபோன் செய்தபோது, "திங்கள்கிழமை ஓபிக்கு வாங்க" என்றார்கள். அன்று வெள்ளி. நேராக அவசரப் பிரிவுக்குப் போனோம். "கர்ப்பமா?" என்று கேட்டார்கள், இல்லை என்றேன், உடனே பொது வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. எழுந்து போய், "பிரசவமாகி அஞ்சு நாள் ஆகுது, கர்ப்பத்துல பிரீஎக்லாம்சியா இருந்துச்சு, இப்ப 168, தலை வலிக்குது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். கதவு திறந்தது. யார் என்ன கேட்டாலும் முதலில் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்.

மறுபடியும் இரண்டு நாள் வார்டு. பால் கொடுக்கும்போது போடக்கூடிய நிஃபெடிபின் மாத்திரை, வாராவாரம் குறைத்து ஆறாவது வாரம் நிறுத்தினார்கள். அடுத்த கர்ப்பம் என்றால் 12ஆவது வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் தரவேண்டியிருக்கும், ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். அடுத்ததா என்று நான் பார்த்த பார்வையில் அவரே சிரித்துவிட்டார். பிற்காலத்திலும் பிரஷர், இதயக் கோளாறு வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், வருடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதை நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மெஷினை நேற்று தோழி ஒருத்தி வாங்கிப்போனாள், அவளுக்கு இது எட்டாம் மாதம். கொடுப்பதற்கு முன் டேப்பை எடுத்து அவள் மேல்கையைச் சுற்றி அளந்தேன். 27. பெரிய பட்டையைக் கழற்றிவிட்டு, அலமாரியில் சுருட்டிக் கிடந்த சின்னதைத் தேடி மாட்டிக் கொடுத்தேன்.