டெபியன் 10-இலிருந்து 12-க்கு: இரண்டு படியும் ஒரே வாரக்கடைசியில்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 10-ஆம் பதிப்புக்கான நீண்டகால ஆதரவு (எல்.டி.எஸ்) 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது என்பது முன்பே தெரியும். 2019 ஜூலையில் வந்த பதிப்பு அது. முதல் மூன்று வருடம் வழக்கமான ஆதரவு, அப்புறம் எல்.டி.எஸ் குழு, ஆக மொத்தம் ஐந்து வருடம். இருந்தும் நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் ஜூன் பிறந்த பிறகுதான் கைவைத்தேன்.

டெபியனில் ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏற வேண்டும், நடுவில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 11-லேயே நின்றிருக்கலாம். ஆனால் அதற்கு 2026 ஆகஸ்ட் வரைதான் ஆயுள். 12-க்கு 2028 ஜூன் வரை. சரி, இரண்டையும் சேர்த்தே முடித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

பேக்கப் எடுத்து, அதை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்கினேன். மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸஸ் பட்டியலில் 'பஸ்டர்' (10-இன் பெயர்) என்று இருந்த இடத்திலெல்லாம் 'புல்ஸை' (11-இன் பெயர்) என்று மாற்றினேன். மென்பொருளை நிறுவும் ஆப்ட் கருவி பிழை காட்டியது. பாதுகாப்பு அப்டேட்டுக்கான வரி முன்பு 'பஸ்டர்/அப்டேட்ஸ்'. இப்போது அது 'புல்ஸை-செக்யூரிட்டி'. பெயரோடு வடிவமும் மாறியிருந்தது. அதன் பிறகுதான் வெளியீட்டுக் குறிப்பை முழுதாகப் படித்தேன். அப்கிரேட் நடக்கும்போது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச் வழியே புதிய இணைப்பு வெகுநேரம் கிடைக்காமல் போகலாம், ஓப்பன் எஸ்.எஸ்.எச் சர்வரை மட்டும் முதலில் ஏற்றிக்கொள்வது நல்லது என்று அதில் இருந்தது. அப்படியே செய்தேன். இணைப்பு அறுந்தாலும் வேலையை நிற்காமல் ஓடவைக்கும் டீமக்ஸுக்குள் அப்கிரேடை ஓடவிட்டிருந்தேன். நடுவில் என் இணையம் அறுந்தபோது திரும்ப உள்ளே நுழைய முடிந்தது. அந்த நாலு வரியை எழுதி வைத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

அதிக நேரம் பிடித்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்தான். டெபியன் 11 வந்ததும் கிளஸ்டர் (தரவுத்தளத் தொகுதி) பட்டியலில் இரண்டு வரி: 5432 போர்ட்டில் பழைய போஸ்ட்கிரெஸ் 11, 5433-இல் புதிய 13. தரவெல்லாம் பழையதில், புதியது வெறும் காலி. காலியாக இருந்ததை நீக்கிவிட்டு தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் 'பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்' கட்டளையை ஓட்டினேன். போர்ட் எண்ணையும் அதுவே மாற்றிக்கொண்டது. எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே பழையதை அழித்தேன். டெபியன் 12-இல் போஸ்ட்கிரெஸ் 15-க்காக மறுபடியும் இதே வேலை.

12-இல், இயங்குதளத்தோடு வரும் சிஸ்டம் பைத்தானுக்குள் எதையும் நிறுவ, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மறுத்துவிட்டது. என் ஸ்கிரிப்டுகளையெல்லாம் தனித்தனி வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்கு (சிஸ்டத்தைத் தொடாத தனி பைத்தான் சூழலுக்கு) மாற்றினேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. 2028 வரை விட்டுவைக்கும் எண்ணம் இல்லை. இந்த முறை ஏற வேண்டியது ஒரே படி, சோதனை மெஷினில் 13 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.