அத்தை கேட்ட ஒரு பெயர்

நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதி வாங்குவார்கள். என் அத்தை ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நான் எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். பட்டியலின் கடைசி வரி எப்போதும் "அப்பாவைப் பெத்தவ" என்றுதான் இருக்கும். பெயர் கிடையாது. தாத்தா பிறந்ததுமே அவருடைய அம்மா இறந்துவிட்டார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

2022-ல் அத்தை, "பேரு இல்லாம எத்தனை வருஷம்தான் பூசை கொடுக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு அப்போது 85 வயது. அந்தப் பெயரைத் தேடித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கடற்கரை. அப்பா காலத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டோம். தாத்தா பெயர் ராயப்பன் பர்னாந்து. சின்ன வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், அங்கேயே கொட்டாஞ்சேனையில் கல்யாணம் முடித்தார், பிறகு ஊர் திரும்பினார். பிறந்த வருடம் சுமாராக 1905 என்று அப்பா சொல்லியிருந்தார். இதை வைத்துக்கொண்டு பூர்வீக ஊர்ப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் போனில் கூப்பிட்டு, "சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்க, நம்ம ஆளுங்க இருப்பாங்க" என்றார்.

அந்த "ஆளுங்க" நான்கு பேர். பணி ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருவர். குருமடத்தில் சில வருடம் லத்தீன் படித்துவிட்டு வெளியே வந்து, இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. கோயிலின் பழைய ஏடுகளில் உள்ள பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கல்லூரி மாணவி. நாற்பது வருடம் உபதேசியாராக இருந்த பெரியவர். பங்குத்தந்தை தங்கும் அறைவீட்டை ஒட்டிய சின்ன அறையில் சனிக்கிழமைதோறும் கூடுகிறார்கள். ஒரு ரூபாய் வாங்குவதில்லை. பீரோவைப் பங்குத்தந்தையே திறந்து ஏட்டை எடுத்துக் கொடுக்கிறார், மாலையில் எண்ணி வாங்கி உள்ளே வைக்கிறார். ஏட்டைப் படம் எடுக்க அனுமதி இல்லை.

நான் பெயரையும் வருடத்தையும் சொன்னதும் தேடத் தொடங்கிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். டீச்சர் ஒரு நோட்டை எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். வீட்டுக்குப் பட்டப்பெயர் உண்டா? எந்தத் தெரு? தாத்தாவை யார் வளர்த்தார்கள்? ஞானத்தகப்பன், ஞானத்தாய் யார்? கூடப் பிறந்தவர்கள் இருந்தார்களா? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "பர்னாந்துன்னு மட்டும் சொன்னா கடற்கரையில பாதிப் பேரு வருவாங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா கேட்டுட்டு வாங்க" என்றார். அங்கிருந்தே அத்தைக்குப் போன் செய்தேன். பட்டப்பெயர் அவருக்கும் நினைவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: "எங்க அப்பாவை வளர்த்தது சவேரி அத்தை." அது எதற்கு உதவும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. டீச்சர் கவனமாக எழுதிக்கொண்டார்.

ஏட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம், கல்யாணம் இரண்டுக்கும் பங்குகளில் ஏடு வைக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையில் பொதுவிதி வந்தது 1563-ல், ஆயர்கள் கூடிய திரிதெந்தின் சங்கத்தில். 1614-ல் இறப்பு ஏடும் சேர்ந்தது. எங்கள் கரையில் மக்கள் ஞானஸ்நானம் பெறத் தொடங்கியதே 1530-களில்தான். சவேரியார் வந்தது 1542-ல். அவ்வளவு பழைய ஏடுகள் எங்கள் பங்கில் இல்லை. இருப்பவை 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து தொடங்குகின்றன. உப்புக்காற்றும் கரையானும் போக மிச்சம். சில பக்கங்களில் பழைய மசி காகிதத்தையே தின்று எழுத்து இருந்த இடம் ஓட்டையாக நிற்கிறது.

எழுதியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சாமிமார். மதுரை மிஷனுக்கு 1838-ல் மீண்டும் வந்த சேசு சபையாரும் அவர்கள் வழி வந்தவர்களும் லத்தீனில் எழுதினார்கள். ராயப்பன் என்று தேடினால் ராயப்பன் கிடைக்கமாட்டார். ஏட்டில் அவர் பேத்ருஸ். இதுதான் அந்த நால்வரும் சேர்ந்து உண்டாக்கி வைத்திருக்கும் பெரிய சொத்து என்று நினைக்கிறேன்: ஏட்டுப் பெயருக்கும் வீட்டுப் பெயருக்குமான ஒரு நோட்டு. பேத்ருஸ் ராயப்பர், பவுலுஸ் சின்னப்பர், ஸ்தேபானுஸ் முடியப்பர், யொவான்னெஸ் அருளப்பர், யோசேபுஸ் சூசை, யாகோபுஸ் சந்தியாகு, அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம், தொமினிகுஸ் சாமிநாதர். தெலுங்கில் ராயி என்றால் கல். பேதுரு என்றால் பாறை. அதனால் ராயப்பர். பழைய மிஷனரிகள் அர்த்தம் பார்த்துத் தமிழில் பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஏட்டில் எழுதும்போது அதையே லத்தீனுக்குத் திருப்பிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் அந்த லத்தீன் பெயரைக் காதால்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் அவர்கள் ஏட்டை மௌனமாக வாசிப்பதில்லை. அண்ணாச்சி லத்தீனைச் சத்தமாகப் படிப்பார். டீச்சர் ஊர்ப்பெயராக மாற்றிச் சொல்வார். உபதேசியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்து, "இது மேலத்தெரு வீடு", "இவங்க கொழும்புக்குப் போனவங்க" என்பார். அவர் வாய் திறக்காத பதிவுகளுக்குப் பக்கத்தில் மாணவி ஒரு கேள்விக்குறி போடுவாள்.

1903 தொடங்கி 1908 வரை பார்த்ததில் பேத்ருஸ் பர்னாந்து ஐந்து பேர். அதில் மூன்று பேர் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஜூன் 29 ராயப்பர் சின்னப்பர் திருநாள், அந்த வாரம் பிறந்த ஆண்பிள்ளைக்கு வேறு பெயர் யோசிக்க மாட்டார்கள். எனக்கு மனம் தளர்ந்துவிட்டது. அண்ணாச்சி மட்டும் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஓரக்குறிப்புதான் எங்களைக் காப்பாற்றியது. 1907-ல் ரோமையிலிருந்து வந்த ஒரு கட்டளை அடுத்த ஆண்டு ஈஸ்டர் முதல் அமலானது. அதன்படி, ஒருவருக்கு எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அந்தப் பங்கில் பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். ஐந்து பேத்ருஸில் ஒருவர் ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில், வேறு மசியில் ஒரு வரி இருந்தது. கொட்டாஞ்சேனை, 8 பிப்ரவரி 1932, மணமகள் அன்னா. பாட்டி பெயர் அன்னம்மாள். அந்த ஆண்டு விபூதிப் புதன் பிப்ரவரி 10. தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் இரண்டு நாள் முன்பாக முடித்திருக்கிறார்கள். கடல் கடந்து நடந்த கல்யாணம் கடிதமாக ஊருக்கு வந்து, யாரோ ஒரு சாமியார் 26 வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் தேடிப் பிடித்து எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்ல வழியில்லை.

பிறகு பதிவை முழுதாகப் படித்தோம். 1906 ஜூன் 25-ல் பிறப்பு. அன்றே, உயிருக்கு ஆபத்து என்பதால் வீட்டிலேயே மருத்துவச்சி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். மற்றச் சடங்குகள் ஜூலை 1-ல் கோயிலில். ஞானத்தாய் சவேரியா. "வளர்த்தது யாருன்னு சொன்னீங்க?" என்று டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தாயின் பெயர் இருந்தது. மரியா.

எங்கள் கரையில் மரியா இல்லாத வீடு ஏது? எல்லாப் பெண்ணுக்கும் முதலில் மரியா, அதற்குப் பிறகுதான் கூப்பிடுகிற பெயர். அவசரத்தில் எழுதியவர் முதல் சொல்லோடு நிறுத்திவிட்டார். இறப்பு ஏட்டிலும் அதேதான்: மரியா, இன்னாருடைய மனைவி, வயது 20, ஜூன் 27, அவஸ்தைப்பூசுதல் (சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கு) பெற்றவர். பிள்ளை பிறந்து இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். பிள்ளை முகத்தைப் பார்த்திருப்பார் என்று உபதேசியார் மெதுவாகச் சொன்னார்.

கல்யாணம் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்கும். எங்கள் ஊர் ஏட்டில் அது இல்லாததால் பெண் வெளியூர். உபதேசியார் விசாரித்து, கடற்கரையிலேயே இன்னொரு ஊரைச் சொன்னார். அங்கே போனபோது அலுவலகத்தில் இருந்தவர், "பழசெல்லாம் கரையான் தின்னுட்டு" என்று நின்றபடியே அனுப்பிவிட்டார். நான் அத்தோடு விட்டிருப்பேன். டீச்சர் விடவில்லை. அந்த ஊர்ப் பங்குத்தந்தைக்கு எங்கள் சாமியாரிடம் கடிதம் வாங்கி, இரண்டு மாதம் கழித்து மறுபடி கூட்டிப்போனார். மைக்செட் சாமான்கள் வைத்திருந்த அலமாரியின் அடித்தட்டில், துணியில் சுற்றிய மூன்று ஏடுகள் இருந்தன. ஓரங்கள்தான் போயிருந்தன. யாராவது இப்படிச் சொன்னால் ஒரு முறையாவது நேரில் போய் அலமாரியைப் பார்த்துவிடுங்கள்.

1904 மே மாதப் பக்கத்தில் பெயர் முழுதாக இருந்தது. மரியா தொலோரெஸ். தகப்பன் யாகோபுஸ்.

"வியாகுலம்" என்று டீச்சரும் உபதேசியாரும் ஒன்றாகச் சொன்னார்கள். தொலோரெஸ் என்றால் வியாகுலங்கள், வியாகுல மாதாவின் பெயர். என் பூட்டியின் பெயர் வியாகுலம்மாள்.

அதே பதிவில் இன்னொரு வரியும் இருந்தது: இரண்டாம் படி இரத்த உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நம் ஊரில் முறைப்பெண் கல்யாணம் இயல்பு, திருச்சபைச் சட்டத்திலோ அது தடை. அதனால் மேலிடத்தில் அனுமதி வாங்கி, உறவின் படியை ஏட்டில் எழுதினார்கள். குடும்பம் தேடுகிறவருக்கு இது பெரிய வரம். பொதுவான தாத்தா பாட்டியிலிருந்து எண்ண வேண்டும். அவர்கள் பிள்ளைகள் முதல் படி, பேரப்பிள்ளைகள் இரண்டாம் படி. ஆகவே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே தாத்தா பாட்டி. 1983-ன் புதிய சட்டத்தொகுப்பு எண்ணும் முறையை மாற்றிவிட்டது. அதில் இதே உறவு நான்காம் படி. பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இதில் ஏமாந்துவிடக்கூடாது.

ஆனால் எந்தப் பக்கத்து உறவு? மாமன் மகளா, அத்தை மகளா? ஏடு தூரத்தைச் சொல்கிறது, திசையைச் சொல்லவில்லை. அன்று இரவு அத்தையிடம் கேட்டேன். "எங்க தாத்தா மாமன் வீட்டுலதான் கட்டினாராம், அது தெரியுமே" என்றார், இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்பதுபோல. ஒரு சொல்லில் இன்னொரு தலைமுறை திறந்தது. வியாகுலம்மாளின் தகப்பன் சந்தியாகு, மாப்பிள்ளையின் தாய்க்கு உடன்பிறந்தவர். ஏடும் அத்தையும் சேர்ந்தால்தான் முழுக் கதை. அத்தை போன்றவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள், ஏடு இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும்.

இப்போது நானும் அவர்களோடு சேர்ந்திருக்கிறேன். சென்னையிலிருந்து போனில் வீட்டுப் பெரியவர்களிடம் கேள்வி கேட்டுக் குறிப்பு எடுத்து அனுப்புவது என் வேலை. கொழும்பிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்கூடக் கேட்கிறார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதில்லை. ஏட்டில் "தகப்பன் தெரியவில்லை" என்ற வரிகளும் உண்டு. தத்து எடுத்த பிள்ளைகளின் பதிவும் உண்டு. அப்படி வந்தால் நேரடி வாரிசிடம் மட்டும், டீச்சர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். வாட்ஸ்அப்பில் அனுப்பவே மாட்டோம். இந்த விஷயத்தில் அவருடைய கண்டிப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. பெயர் தெரியாத வேதனை ஒரு பக்கம் இருக்க, செத்தவர்களின் மானமும் நம் கையில்தான் இருக்கிறது.

2023 அக்டோபர் கடைசி. பூசைப் பட்டியல் எழுத உட்கார்ந்தோம். அத்தை பேனாவை என்னிடமிருந்து வாங்கி, நடுங்கும் கையால் அவரே முதல் வரியில் "வியாகுலம்மாள்" என்று எழுதினார். "இருபது வயசு" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு மற்றப் பெயர்களைச் சொன்னார், நான் எழுதினேன். முடித்து மடிக்கப் போகும்போது கையைப் பிடித்தார்.

"அப்பாவுக்குத் தண்ணி ஊத்துன மருத்துவச்சி பேரு அதுல இருந்துச்சா?"

"இல்ல அத்தை. மருத்துவச்சின்னு மட்டும்தான் எழுதியிருக்கு."

"அவளையும் எழுது."

கடைசி வரியில் "மருத்துவச்சி" என்று எழுதினேன்.