தொழுவத்து மண்சுவரில் நீலப்பட்டைத் தேனீ: காரைக்குடி நாட்குறிப்பு

மார்கழி 24
பொங்கலுக்கு வெள்ளையடிக்குமுன் தொழுவத்து மண்சுவரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கிழக்குச் சுவரில், இறவாரத்துக்குக் கீழே சாரல் படாத இடத்தில், நீலப்பட்டைத் தேனீ குடைந்த, பென்சில் பருமனில் 17 துளைகள். வாயில் புதுமண் சிந்திக் கிடந்தால் உள்ளே வேலை நடக்கிறது. மூடிய துளையைக் காலி என்று எண்ணக் கூடாது. உள்ளே தேனீப் புழு இருக்கலாம். மேலே சிமெண்டு பூசினால் அது வெளியே வர முடியாது. அந்த நாலடியை மட்டும் பூசாமல் விட்டாயிற்று.

தை 4
காலை ஏழரைக்கே கத்தரிப் பாத்தியில் பெட்டைத் தேனீக்கள். கத்தரியின் மகரந்தப்பைக்கு நுனியில் மட்டுமே துளை. தேனடைத் தேனீ எவ்வளவு சுரண்டினாலும் தூள் சரியாகக் கொட்டாது. நீலப்பட்டைத் தேனீ பையைக் கவ்விக்கொண்டு, சிறகை அசைக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் பூவில் அமர்ந்ததும் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். ஆவாரம்பூவிலும் இதே வேலைதான். இந்தத் தேனீயின் அறிவியல் பெயர் அமெகில்லா சோனாட்டா. வயிற்றில் பெட்டைக்கு நான்கு, ஆணுக்கு ஐந்து பட்டை.

தை 13
சுவரிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே குடுவை வடிவில் அறை. உட்சுவர் மெழுகு பூசினாற்போல் வழவழப்பாக இருந்தது, ஈரம் இறங்காது. அடியில் மகரந்தமும் மதுவும் குழைந்த கூழ், அதன்மேல் முட்டை. கட்டியைக் கவிழ்த்தால் கூழ் சரிந்து முட்டை போய்விடும். விழுந்த நிலையிலேயே, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி, இறவாரத்துக்குள் வைத்தோம்.
கருப்புடலில் நீலப்புள்ளி வைத்த குயில்தேனீ ஒன்றும் சுவரைச் சுற்றியது. பிறர் அறையில் முட்டையிடுவது அதன் பிழைப்பு. அதை அடிக்க வேண்டியதில்லை.

தை 20
தேனீ கூடு குடைவதற்காக அச்சில் மண்கட்டி வார்த்தோம். முதல் கட்டி வெறும் களிமண். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. அடுத்ததில் மூன்று கூடை செம்மண்ணுக்கு ஒரு கூடை மணல். காய்ந்தபின் நகத்தால் கீறினால் தூள் உதிர வேண்டும், விரலால் அழுத்தினால் நொறுங்கக் கூடாது, இதுதான் பதம். சிமெண்டு ஒரு கைப்பிடி சேர்த்தாலும் தேனீயால் குடைய முடியாது. ஈரமாக இருக்கும்போதே பென்சிலால் ஒரு விரற்கட்டை ஆழத்துக்கு ஆறு குழி. பத்து நாள் நிழலில் உலர்த்தி, இடுப்பளவு உயரத்தில் கிழக்குப் பார்த்து வைக்க வேண்டும்.

மாசி 2
பொழுது சாய்ந்ததும் ஆண் தேனீக்கள் வேலியோரத்துக் காய்ந்த கோரைத்தண்டை வாயால் கவ்வி வரிசையாகத் தொங்கின. நேற்று தொங்கிய அதே தண்டு. கத்தரிக்கு மருந்தை மாலையில் அடித்தால் தேனீக்குப் பாதகமில்லை என்று நம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பெட்டை துளைக்குள் போயிருக்கும், ஆண் வெளியில்தான் தூங்கும். வேலியோரத்தைத் தொடாமல், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அடிக்க வேண்டும். அந்தக் கோரையை அறுக்கவும் வேண்டாம்.

மாசி 15
மணல் சேர்த்த கட்டியில் இரண்டு குழிகள் ஆழமாகியிருக்கின்றன. கீழே பொடிமண் குவிந்திருக்கிறது. வெடித்த கட்டிப் பக்கம் ஒன்றும் வரவில்லை.