எதைச் செய்யமாட்டேன்

காவல் பணியில் கடைசிச் சில ஆண்டுகள் பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுத்தேன். சட்டம் நடத்துவது சுலபம். பிரிவு, விளக்கம், தீர்ப்பு என்று ஓடிவிடும். மனசாட்சி பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் பின்வரிசையில் கொட்டாவி கிளம்பும். ஒரு பையன் எழுந்து நேராகவே கேட்டான்: "சட்டம் இருக்கு, நிலையாணை இருக்கு, மேலதிகாரி இருக்காரு. அதுக்கும் மேல எனக்குன்னு தனியா ஒரு ஒழுக்கம் எதுக்குங்கய்யா?" குறும்புக் கேள்வி இல்லை. ராணுவத்துக்குப் போகிறவனும் கேட்கவேண்டிய கேள்விதான்.

சட்டம் பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகே வந்து சேர்கிறது. ஒரு சம்பவம் நீதிமன்றத்துக்குப் போகும்போது அது காகிதமாகியிருக்கும். அந்தக் காகிதத்தை எழுதுகிறவர்களும் நாங்களே. நள்ளிரவில் விசாரணை அறையில் என்ன நடந்தது என்பது உள்ளே இருந்த நாலைந்து பேருக்குத்தான் தெரியும். கேமரா வைத்திருப்பார்கள், அதற்குத் தெரியாத ஒரு மூலையையும் யாராவது கண்டுபிடித்து வைத்திருப்பார்கள்.

இன்று ஒருவனை அடித்தே தீர்வது என்று நினைத்துக்கொண்டு யாரும் வேலைக்கு வருவதில்லை. நான் பார்த்தவரை எல்லாம் ஒரு நேரத்தை மாற்றி எழுதுவதில்தான் தொடங்கும். மாலையில் பிடித்து வந்தவனை இரவு பிடித்ததாக எழுதச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம்தானே என்று தோன்றும். அடுத்தது, அந்த இடத்திலேயே இல்லாத ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. பெரிய விஷயம் ஒன்று வந்து நிற்கும்போது மறுக்கலாம் என்று பார்த்தால் முடியாது. ஏற்கெனவே போட்ட கையெழுத்துகள் எல்லாம் கேட்கிறவர் கையில் பத்திரமாக இருக்கும். புதியவர்களை மெல்ல மெல்ல இப்படிக் கட்டிப்போடுவது ஒரு கலை. அதில் கைதேர்ந்தவர்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள்.

மேலிடத்துக்குப் பயந்துதான் ஆட்கள் தவறு செய்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். ஜெர்மனியின் 101ஆவது ரிசர்வ் போலீஸ் பட்டாலியனைப் பற்றி அறிந்தபிறகு அந்த எண்ணம் போனது. 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபுவ் என்ற ஊரில் யூதர்களைச் சுட்டுக்கொல்ல அந்தப் படைக்கு உத்தரவு வந்தது. ஏறக்குறைய 500 பேர் கொண்ட படை. பலர் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். அவர்களின் தளபதி, இந்த வேலை முடியாது என்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று வாய்விட்டே சொன்னார். அப்போது முன்வந்து விலகியவர்கள் சுமார் 12 பேர். அதற்காக அவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் போய்ச் சுட்டார்கள். அன்று செத்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர்.

அவர்களைப் பிடித்து நிறுத்தியது தண்டனைப் பயம் இல்லை, வரிசையை விட்டு வெளியே வரும் கூச்சம். கூட இருப்பவன் தலையில் அசிங்கமான வேலையைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டான் என்ற பேச்சு, கோழை என்ற பட்டம். பாராக்கில் இருந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். யோசிக்கவும் அவகாசம் இல்லை. அந்த நேரத்தில் உட்கார்ந்து ஒழுக்கத்தைத் தயாரிக்க முடியாது. முன்பே இருந்தால்தான் உண்டு.

1930 ஏப்ரலில் பெஷாவரில் நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட உத்தரவு வந்தபோது, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கர்வால் ரைபிள்ஸ் படையைச் சேர்ந்த சந்திர சிங் கர்வாலியும் அவருடன் இருந்த வீரர்களும் மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

வகுப்பில் இதுவரை சிக்கல் இருக்காது. பால் க்ரூனிங்கர் பெயரைச் சொன்னதும் விவாதம் சூடுபிடிக்கும். இவர் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மாநிலத்தில் காவல்துறைத் தலைவராக இருந்தவர். 1938இல் எல்லையை மூடிய பிறகும் தப்பி வந்த யூத அகதிகளை, மூடுவதற்கு முன்பே வந்தவர்களாக முன்தேதி போட்டு உள்ளே விட்டார். நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். 1939இல் அவர் வேலை போயிற்று, 1940இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 1972இல் வறுமையில் இறந்தார். 1995இல்தான் தீர்ப்பு ரத்தானது.

"நேரத்தை மாத்தி எழுதாதேன்னு நீங்கதானே சொன்னீங்க, இவரும் தேதியைத்தானே மாத்தினாரு?" என்று உடனே மடக்குவார்கள். மடக்கவேண்டியதுதான். தனிப்பட்ட ஒழுக்கம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் உள்ள ஆபத்து இதுதான். "கோர்ட்டுக்குப் போனா இவன் வெளியே வந்துடுவான், நானே முடிச்சுடறேன்" என்று துப்பாக்கியைத் தூக்குகிறவனும் தன் மனசாட்சிப்படியே நடப்பதாகச் சொல்வான். பலர் அதை உண்மையாகவே நம்புகிறார்கள்.

விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வேன். க்ரூனிங்கர் போட்ட பொய்த் தேதிக்கு அவர் வேலையே விலையாகப் போனது. எதிரே நின்றவர் உயிர் பிழைத்தார். நிலையத்தில் மாற்றி எழுதும் நேரத்துக்குக் கூண்டில் இருப்பவன் விலை கொடுக்கிறான், எழுதியவருக்கு நற்சான்று கிடைக்கிறது. இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஏமாற்றுவது கடினம். இன்னொன்றும் சொல்வேன். என்னென்ன செய்வேன் என்று சபதம் எடுக்காதே, எதைச் செய்யமாட்டேன் என்று மட்டும் முடிவு செய். கட்டுண்டவனை அடிக்கமாட்டேன், பார்க்காததைப் பார்த்ததாக எழுதமாட்டேன், ஓடுகிறவன் முதுகில் சுடமாட்டேன். இப்படி நாலு வரி போதும். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கோபத்தில் எழுதினால் அது வேறு பட்டியலாகிவிடும்.

இது பிறருக்காக மட்டும் இல்லை. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர், பயத்தின் வடுக்களோடு நின்றுவிடாமல், சரியென்று நம்பியதற்குத் துரோகம் நடந்ததால் உண்டாகும் காயத்தையும் தனியாக எடுத்துப் பேசினார். ஓய்வுபெற்ற பிறகு தூக்கத்துக்காகக் குடிக்கும் சகாக்கள் எனக்கும் உண்டு.

மறுப்பதை வீரவசனமாகச் செய்யத் தேவையில்லை. "சரிங்கய்யா, எழுத்துல குடுங்க, செஞ்சுடறேன்" என்று பணிவாகக் கேட்டால் போதும் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மேலதிகாரிகளில் பாதிப் பேர் அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை என்பதுபோல் பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேர் எழுதியே கொடுப்பார்கள், இடமாற்ற உத்தரவை.